ஃபிளீஸும் ஓவர்லாக்கும் – ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

உங்கள் தையல் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். எனக்கு ஊர் குளச்சல். பல வருடங்களாக வீட்டிலிருந்தே ஜாக்கெட்டும் சுடிதாரும் தைத்துக்கொடுக்கிறேன். மகள் ஸ்காட்லாந்தில், அபர்தீன் நகரில் நர்ஸாக வேலை பார்க்கிறாள். ஜனவரியில் அவளுக்குப் பிரசவம். மூன்று மாதம் உடனிருந்து பார்த்துக்கொள்ளப் போகிறேன். அவளுக்கும் மருமகனுக்கும் பிறக்கப்போகும் குழந்தைக்கும் குளிருக்கு உடுக்கும் மயிருள்ள ஃபிளீஸ் துணியில் உடுப்புகள் தைத்துக்கொண்டு போக ஆசை. அதற்காகவே ஓரத்தை வெட்டிக்கொண்டே தைக்கும் நான்கு நூல் ஓவர்லாக் மெஷின் ஒன்றும் வாங்கிவிட்டேன்.

ஆனால் தைத்தால் விளிம்பு பாம்புபோல் நெளிகிறது. ஊசி நூலோடு பின்னும் கொக்கிகளில் கீழே உள்ள கீழ் லூப்பரின் நூல் அறுந்துபோகிறது. திரும்பக் கோத்துத் தைத்தால் இரண்டு விரற்கடை போவதற்குள் மறுபடியும் அறுகிறது. மெஷினைப் பூட்டித் தந்த தம்பி, "திருகுகளை எல்லாம் சரியாக வைத்திருக்கிறேன், ஒன்றையும் தொடாதீர்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார். தொடவே பயமாக இருக்கிறது. வீட்டில் வேறு, "அங்கே கடையில் மலிவாகக் கிடைப்பதை இங்கே வியர்க்க வியர்க்க ஏன் தைக்கிறாய்? அதுவும் பிளாஸ்டிக் துணி" என்கிறார்கள். அவர்கள் சொல்வது சரிதானா? தைப்பதென்றால் என்னென்ன தைக்கலாம்?

அன்புடன்,
ஒரு வாசகி, குளச்சல்

அன்புள்ள சகோதரி,

திருகுகளைத் தொடுங்கள். தொடுவதற்காகத்தான் அவற்றை வெளியே வைத்திருக்கிறார்கள். பூட்டித் தந்தவர் மெல்லிய சுடிதார் துணியை வைத்துச் சரிபார்த்திருப்பார். அந்தத் துணிக்கு அது சரி. ஃபிளீஸ் கனமான துணி, இழுத்தால் நீளும் துணி. அதற்கு வேறு அளவு வேண்டும். இப்போது ஒவ்வொரு திருகும் எந்த எண்ணில் நிற்கிறது என்று ஒரு தாளில் எழுதி மெஷினின் பக்கவாட்டில் ஒட்டிவிடுங்கள். எவ்வளவு திருகினாலும் பழைய இடத்துக்கு ஒரு நிமிடத்தில் வந்துவிடலாம். பயத்துக்கு அந்தத் தாள் போதும்.

விளிம்பு ஏன் நெளிகிறது? ஓவர்லாக்கில் துணியை நகர்த்தும் பல் இரண்டு வரிசை. முன்வரிசை துணியை உள்ளே கொண்டுவருகிறது, பின்வரிசை வெளியே தள்ளுகிறது. இரண்டும் ஒரே வேகத்தில் ஓடினால், நீளும் துணி, அதை மேலிருந்து அமுக்கிப் பிடிக்கும் பாதத்தின் அழுத்தத்தில் இழுபட்டு, இழுபட்ட நிலையிலேயே நூல் அதைப் பூட்டிவிடும். அந்த நெளிவுதான் நீங்கள் பார்ப்பது. முன்வரிசையைச் சற்று வேகமாக ஓடவிடுவதற்கு ஒரு திருகு உண்டு. டிஃபரன்ஷியல் ஃபீட் என்பார்கள். அது 1-ல் நின்றால் இரண்டு வரிசையும் சமம். நீங்கள் 1.3-ல் தொடங்கி, நெளிவு அடங்கும்வரை கொஞ்சம் கொஞ்சமாக 1.5, தேவைப்பட்டால் அதற்கும் மேலே ஏற்றுங்கள். அளவுக்கு மீறினால் விளிம்பு சுருங்கத் தொடங்கும். உடனே கொஞ்சம் இறக்கிவிடுங்கள். தையல் நீளத்தை 3 மில்லிமீட்டருக்கு மேல் வையுங்கள். பாதத்தின் அழுத்தத்தைத் தளர்த்த முடிகிற மெஷின் என்றால் தளர்த்துங்கள். பின்பக்கமிருந்து துணியைக் கையால் இழுக்கும் பழக்கம் ஜாக்கெட் தைப்பவர்கள் பலருக்கும் உண்டு. ஃபிளீஸில் அது கூடவே கூடாது. சோதனைக்கு எடுக்கும் துண்டு அதே துணியிலிருந்து, அதே போக்கில் வெட்டியதாக இருக்கட்டும். நீளவாக்கில் நெளியாத தையல் குறுக்குவாக்கில் நெளியும்.

இனி நூல் அறுவது. கேட்டவுடன் புரிந்துவிட்டது, கோக்கும் வரிசைதான் சிக்கல். முதலில் மேல் லூப்பர், அடுத்து கீழ் லூப்பர், கடைசியில்தான் ஊசிகள். பெரும்பாலான வீட்டு மெஷின்களில் இதுதான் முறை. உங்கள் மெஷினின் கையேட்டில் படம் இருக்கும். கீழ் லூப்பர் நூல் அறுந்ததும் நீங்கள் அதை மட்டும் கோத்துவிட்டுத் தைக்கிறீர்கள். அப்போது ஊசி நூல்கள் கீழ் லூப்பரைச் சுற்றி ஏற்கெனவே கிடக்கும். புதிதாகக் கோத்த நூல் அவற்றின் தவறான பக்கத்தில் போய்ச் சிக்கிக்கொள்ளும். இரண்டு விரற்கடையில் அறுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, காரணம் அதுதான். அறுந்ததும் இரண்டு ஊசிகளின் நூலையும் முதலில் உருவிவிடுங்கள். லூப்பரைக் கோத்து, அந்த நூலைப் பாதத்துக்கு அடியில் பின்னால் இழுத்துவிடுங்கள். அதன் பிறகு ஊசிகளைக் கோத்து, துணி வைக்காமல் கை சக்கரத்தை மெல்லச் சுற்றிப் பாருங்கள். பின்னால் நூல் சங்கிலிபோல் ஒழுங்காகப் பின்னி விழுந்தால் சரியாகக் கோத்திருக்கிறீர்கள். ஊசி 14-ஆம் எண், பால் பாயின்ட் என்னும் உருண்ட முனை.

இவ்வளவும் சரியாகிவிடும். எனக்கு உங்களிடம் அழுத்திச் சொல்ல வேண்டியது வேறொன்று. சுடிதார் தைக்கிறவர்களுக்கு ஓவர்லாக் என்றால் பிசிறு அடைக்கும் மெஷின். ஃபிளீஸில் பிசிறே கிடையாது. அது பின்னல் துணி. பின்னிய பிறகு இரு பக்கமும் கீறி மயிரெழுப்பி, மேலே சமமாகக் கத்தரித்துவிடுகிறார்கள். எங்கே வெட்டினாலும் நூல் உதிராது. அப்படியிருக்க, போர்வையின் நான்கு ஓரத்திலும், கழுத்துத் துண்டின் ஓரத்திலும் பழக்கதோஷத்தில் ஓவர்லாக் அடித்தால் நல்ல துணிக்குக் கனமும் நெளிவும் வந்து சேரும், வேறொன்றும் வராது. அங்கெல்லாம் கூர்மையான கத்தரி போதும். ஓரத்தை விரல் நீளத்துக்குக் குஞ்சம்போல் நறுக்கிவிட்டாலும் அழகாகவே இருக்கும். ஓவர்லாக்கை இழுபடும் இடத்துக்குக் கொண்டுபோங்கள்: தோள், அக்குள், கை, விலாப் பக்கம், தலைவழி மாட்டும் கழுத்து. சாதாரண மெஷினின் நேர்த்தையல் இங்கே இழுத்தவுடன் பட்டென்று தெறிக்கும். ஓவர்லாக்கின் நூல் துணியோடு நீண்டு துணியோடு சுருங்கும், தடிப்பையும் அமுக்கிவிடும். தோளில் மட்டும் எச்சரிக்கை. தொங்கித் தொங்கி நீண்டுவிடும் இடம் அது. மெல்லிய பருத்தி நாடா ஒன்றைச் சேர்த்து வைத்து ஓவர்லாக் அடியுங்கள். ஜிப், பை, பொத்தான் துளை எல்லாம் பழைய மெஷினுக்கே.

கத்தியைப் பற்றி. தைக்கும்போதே ஓரத்தை வெட்டிக்கொண்டு போகும் மெஷின் இது. சாதாரண மெஷினில் தைத்ததைப் பிரித்து மறுபடி தைக்கலாம். இதில் நூலைப் பிரிக்கலாம், போன துணி திரும்ப வராது. ஆகவே அளவு பார்ப்பதை எல்லாம் முன்பே முடித்துவிடுங்கள். கையால் ஓட்டுத் தையல் போட்டு, உடம்பில் வைத்துப் பார்த்து, பிறகு மெஷினுக்கு வாருங்கள். ஓட்டுத் தையல் கத்தியின் பாதையிலிருந்து அரை அங்குலம் உள்ளே தள்ளி இருக்க வேண்டும். குண்டூசி வேண்டவே வேண்டாம். ஃபிளீஸின் மயிருக்குள் குண்டூசித் தலை புதைந்து கண்ணில் படாமல் போகும். கத்தி அதன்மேல் ஏறினால் கத்தி போயிற்று, தெறிக்கும் துண்டு கண்ணுக்கும் ஆபத்து.

வெட்டும்போது துணியை உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழுக்கும், எதிர்த்திசையில் மறிக்கும். எல்லாத் துண்டுகளும் ஒரே திசையில் இருக்கட்டும், இல்லையென்றால் வெளிச்சத்தில் முன்பக்கம் ஒரு நிறமாகவும் பின்பக்கம் ஒரு நிறமாகவும் தெரியும். அதிகம் நீளும் வாக்கு உடம்பைச் சுற்றி வரவேண்டும். நல்லபுறம் எது என்று குழப்பமாக இருந்தால், குறுக்கே வெட்டிய ஓரத்தை இழுத்துப் பாருங்கள்; கெட்டபுறம் நோக்கிச் சுருளும். இஸ்திரிப் பெட்டியைத் துணிமேல் வைக்காதீர்கள். மயிர் படிந்துபோய் அந்த இடம் பளபளக்கும், சூடு கூடினால் உருகும்.

ஒன்று கேட்க வேண்டும். துணியை எங்கே வாங்கினீர்கள்? திருப்பூர்ப் பக்கம் ஃபிளீஸ் என்று கேட்டால் பெரும்பாலும் உள்பக்கம் மட்டும் கீறிய பருத்திப் பின்னலைத் தருவார்கள். வெளிப்பக்கம் வழவழப்பாக இருக்கும். அது நல்ல துணி, ஆனால் நனைந்தால் காய நாளாகும், வெட்டிய ஓரமும் சுருண்டு பிசிறும். நான் இதுவரை சொன்னது இரு பக்கமும் மயிருள்ள பாலியெஸ்டர் துணிக்கு; அதைப் போலார் ஃபிளீஸ் என்று கேட்டு வாங்க வேண்டும்.

வீட்டில் பிளாஸ்டிக் துணி என்கிறார்கள். உண்மைதான், குடிநீர் பாட்டிலும் இதுவும் ஒரே பொருள். 1993-லிருந்து பழைய பாட்டில்களை உருக்கி நூற்றும் இதைச் செய்கிறார்கள். ஆனால் இழிவான துணி இல்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், லாரன்ஸ் நகரத்து மால்டன் மில்ஸ் என்ற ஆலையில் 1979-ல் உருவானது இது. அந்த ஆலை 1995 டிசம்பரில் எரிந்துபோனபோது உரிமையாளர் ஆரன் ஃபியூயர்ஸ்டீன் வேலையின்றி நின்ற தொழிலாளர்களுக்குத் தொடர்ந்து சம்பளம் கொடுத்தார். துணியைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் அந்த மனிதரையும் நினைத்துக்கொள்வேன். கம்பளியைவிட எடை குறைவு, தண்ணீர் குடிக்காது, அபர்தீனில் வீட்டுக்குள் கொடியில் போட்டாலும் காய்ந்துவிடும். குறையும் உண்டு. துவைக்கும்போது கண்ணுக்குத் தெரியாத இழைகள் உதிர்ந்து கடலுக்குப் போகின்றன. கடலை நம்பி வாழும் ஊர்க்காரர்கள் நாம், இதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. அழுக்கானால் மட்டும் துவையுங்கள், குளிர்ந்த நீரில், மெஷின் நிறையத் துணி போட்டு. பலகாலம் உழைக்கும்படி தைப்பதும் இதற்கு ஒரு மருந்துதான்.

கடையில் மலிவு என்பதும் உண்மை. ஜிப் வைத்த முழுக்கைச் சட்டையை அங்கேயே வாங்கட்டும். அதில் நீங்கள் போட்டியிட வேண்டாம். கடைக்காரருக்கு உங்கள் மகளின் உடம்பு தெரியாது, உங்களுக்குத் தெரியும். நீளக் கூந்தலைக் கொண்டை போடுகிற பெண்ணுக்குக் கடைத் தொப்பி தலையில் நிற்காது. பின்பக்கம் திறப்பு விட்டு, காதை மூடும்படி அகலப் பட்டையாக ஒன்று தைத்துக்கொடுங்கள். குழந்தையைக் குனிந்து தூக்கும்போது கடைச் சட்டை மேலேறி இடுப்பில் குளிர் பிடிக்கும். கை இல்லாத மேலாடை ஒன்றை இடுப்புக்குக் கீழே ஒரு சாண் இறக்கி, முன்பக்கம் ஒன்றின்மேல் ஒன்று படியும் இரண்டு மடிப்பாக வைத்தால் பால் கொடுக்கவும் வசதி. ஃபிளீஸுக்குள் காற்று புகும். வட கடல் காற்று அங்கே சும்மா விடாது, அதனால் இவற்றை எல்லாம் காற்றுப் புகாத கோட்டுக்கு உள்ளே போடும் அளவில், தடிப்பில்லாமல் தையுங்கள். மருமகனுக்கு ஒரு கழுத்துக் குழாய் போதும். ஒரே ஒரு தையல், அரை மணி நேர வேலை.

தையல் என்ன பெரிய காரியம் என்று இந்த மாவட்டத்தில் யாரும் பேசக்கூடாது என்பது என் பிடிவாதம். தைத்த மேலாடையை உடுத்துவதற்கே 1859 வரை போராடிய பெண்களின் ஊர் இது. 1820-களில் மிஷன் ஊழியத்துக்கு வந்த மார்த்தா மால்ட் நாகர்கோவிலில் தொடங்கிவைத்த லேஸ் வேலை எத்தனையோ பெண்களுக்குச் சொந்தக் கூலியைக் கையில் கொடுத்தது. உங்கள் வீட்டாரிடம் இதையும் சொல்லுங்கள்.

குழந்தைக்குத் தைப்பதில் நான் கறார். தூங்கும்போது வீட்டுக்குள் தொப்பி வேண்டாம், முகத்தை மூடக்கூடிய தளர்ந்த போர்வையும் வேண்டாம். குழந்தைக்கு அதிகச் சூடு ஆபத்து. கழுத்திலும் தொப்பியிலும் கயிறு வைக்காதீர்கள். ஃபிளீஸ் எளிதில் தீப்பிடித்து உருகி ஒட்டும், ஆகவே இரவு உடுப்பு அதில் வேண்டாம். மெல்லிய உள்சட்டை ஒன்றும், வெளியே போகும்போது போட ஒரு தொப்பியும், காலுறைகளும் போதும். கார் இருக்கையில் பட்டை போடும்போது பஞ்சடைத்த தடித்த சட்டையைவிட மெல்லிய ஃபிளீஸே பாதுகாப்பு, ஏனென்றால் பட்டை உடம்போடு ஒட்டி நிற்கும். குழந்தைச் சட்டையில் தையல் உறுத்தாமலிருக்க ஒரு வழி உண்டு. வலது ஊசியைக் கழற்றிவிட்டு மூன்று நூலில், ஊசி நூலின் டென்ஷனை நன்றாகத் தளர்த்தித் தையுங்கள். தைத்த பிறகு இரண்டு துண்டையும் இரு கையால் பிடித்து விரித்தால் தையல் தட்டையாகப் படிந்துவிடும். இதற்குக் கெட்டபுறத்தைக் கெட்டபுறத்தோடு சேர்த்து வைக்க வேண்டும், லூப்பர் நூல் வெளியே கோடாகத் தெரியும். கீழ் லூப்பர் டென்ஷனைக் கொஞ்சம் கூட்டினால் இன்னும் தட்டையாகும். துண்டுகளில் பழகிப் பாருங்கள்.

ஃபிளீஸ் நிறையப் பொடி கொட்டும். குளச்சலின் உப்புக்காற்றில் அந்தப் பொடி ஈரத்தைப் பிடித்துவைத்துக் கத்தியையும் லூப்பரையும் துருவேற்றும். ஒவ்வொரு உடுப்பு முடிந்ததும் மூடியைத் திறந்து தூரிகையால் துடைத்துவிடுங்கள். வாயால் ஊதாதீர்கள், மூச்சிலும் ஈரம் இருக்கிறது. கையேடு காட்டும் இடங்களில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள்.

பெட்டி எடையை இப்போதே கணக்கிட்டுக்கொள்ளுங்கள். சதுர மீட்டருக்கு 200 கிராம் உள்ள துணி, 150 செ.மீ. அகலத்தில் ஒரு மீட்டர் எடுத்தால் 300 கிராம் வரும். முந்திரிக்கொத்துக்கும் கருப்பட்டிக்கும் இடம் விட்டு மிச்சத்துக்குத் துணி வாங்குங்கள். மகளிடம் தலைச்சுற்று அளவை கொண்டை போட்டபடியே எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மார்பளவைப் பிரசவத்துக்கு முன் எடுத்தால் மாறிவிடும். மேலாடையின் விலாத் தையலை மட்டும் ஓட்டுத் தையலில் நிறுத்தி, அங்கே போய் உடம்பில் வைத்துப் பார்த்து, உங்கள் கையாலேயே முடித்துக்கொடுங்கள்.

அன்புடன்.