தனியாகத் தொழில் செய்யும் நிதி ஆலோசகர் புது கிளையன்ட் பிடிக்க எந்த விற்பனை உத்தி கைகொடுக்கும்?

கேள்வியைப் பார்த்ததும் முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் கொஞ்சம் எரிச்சலும். வங்கியிலோ காப்பீட்டு நிறுவனத்திலோ சில வருடம் குப்பை கொட்டிவிட்டு நீங்கள் சமீபத்தில் வெளியே வந்தவர் என்று வைத்துக்கொள்கிறேன். முதல் பத்துப் பதினைந்து பேர் சொந்தக்காரர்களும் பழைய ஆபீஸ்காரர்களும். அந்தப் பட்டியல் தீர்ந்துபோய், போன் அடிப்பது நின்றுபோய், இப்போது உத்தி தேடுகிறீர்கள். தப்பாக இருந்தால் மன்னிக்கவும், நான் அப்படித்தான் இருந்தேன்.

உத்தியெல்லாம் எனக்கும் தெரியும். வேலை பார்த்த இடத்தில் வகுப்பெடுத்தே சொல்லிக்கொடுத்தார்கள். "சந்திக்கலாமா" என்று கேட்காதே, "திங்கள் வரட்டுமா, புதன் வரட்டுமா" என்று கேள். மறுத்தால் "உங்க நிலைமை புரியுது சார்" என்று ஆரம்பி. இந்த மாதத்தோடு சலுகை முடிகிறது என்று சொல். அத்தனையும் வேலை செய்யும், மறுக்கவில்லை. ஒரு தடவை விற்றுவிட்டு அடுத்த ஆளைத் தேடிப் போகிறவருக்கு வேலை செய்யும். நமக்கு அந்த மனுஷன் பத்து வருடம் கழித்தும் போனை எடுக்க வேண்டும், எடுத்துக் கட்டணமும் கட்ட வேண்டும்.

என் கதையைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன், யாரும் துப்பறிய வேண்டாம். தனியாக வந்த இரண்டாவது வருடம் ஒரு தம்பதி வந்தார்கள். அவர் இன்ஜினியர், எதையும் எண்ணில் கேட்பவர். நான் 42 ஸ்லைடு தயார் செய்து வைத்திருந்தேன். 72-ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால் எத்தனை வருடத்தில் பணம் இரட்டிப்பாகும் என்று தெரியும், 8 சதவீதம் என்றால் 9 வருடம். பாதி நஷ்டமானால் பழைய இடத்துக்கு வர 100 சதவீத லாபம் வேண்டும். இப்படி ஒன்றரை மணி நேரம். அவர் கேட்கக் கேட்க எனக்கு உற்சாகம் ஏறிக்கொண்டே போனது. அவர் மனைவி மேஜையின் ஓரத்தில் மடியில் ஒரு டைரியோடு உட்கார்ந்திருந்தார். கிளம்பும் நேரத்தில் அவர் ஒன்றே ஒன்று கேட்டார்: "இவர் இல்லாத ஒரு நாள்ல நான் யாருக்கு முதல்ல போன் பண்ணணும்? என்னன்னு சொல்லணும்?"

நான் சிரித்தேன். சிரித்துவிட்டு கணவர் பக்கம் திரும்பி, "நாமினி எல்லாம் சரியாப் போட்டிருக்கீங்கல்ல சார்?" என்றேன். கேட்டது அந்த அம்மா, பதில் போனது கணவருக்கு. அவர் தலையாட்டினார். அந்த அம்மா டைரியை மூடிப் பைக்குள் வைத்தார். டைரியில் பேனா சொருகியபடியே இருந்தது, திறந்து எதுவும் எழுதவில்லை. அதை அன்றைக்கே பார்த்தேன், அர்த்தம் புரியத்தான் நாலு வருடமானது.

கையெழுத்து ஆனது. அவர் நல்ல கிளையன்ட், எனக்கு இரண்டு பேரை அனுப்பியும் வைத்தார். நாலாவது வருடம் திடீரென்று இறந்துபோனார். மூன்று வாரம் கழித்து வீட்டுக்குப் போனேன். அந்த அம்மா காகிதங்களை வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். "தம்பி, எல்லாத்தையும் என் ஃபிரெண்டோட ஆலோசகர்கிட்ட மாத்தறேன். உங்க கையெழுத்து ரெண்டு இடத்துல வேணும்." கோபமே இல்லை குரலில். கேட்டிருக்கக் கூடாது, ஆனாலும் ஏன் என்று கேட்டேன். "நீங்க அவருக்குத் தெரிஞ்சவர். எனக்கு உங்களைத் தெரியாதே" என்றார். நாலு வருடம் வருடத்துக்கு இரண்டு தடவை அந்த வீட்டுக்குப் போய் வந்தவன் நான்.

ஒரு கிளையன்ட் போனதற்கா இவ்வளவு புலம்பல் என்று சிலர் கேட்பீர்கள். இந்தத் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்ட யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், இதே மாதிரி ஒன்று அவர்களிடமும் இருக்கும். அல்லது, ஆண் ஆலோசகர்களுக்கு எதிராகப் பேசுகிறேன் என்பீர்கள். இல்லை. பேசாமல் உட்கார்ந்திருப்பது கணவராகவும் இருக்கலாம், வயதான அப்பாவாகவும் இருக்கலாம்.

இப்போது என் முதல் சந்திப்பில் லேப்டாப் கிடையாது. குறைவாகப் பேசுகிறவர் யாரோ அவரைப் பார்த்துத்தான் முதல் கேள்வி: "பணத்தை நினைச்சா உங்க தூக்கத்தைக் கெடுக்கிற விஷயம் எது?" கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். இதுதான் மகா கஷ்டம். பேனா மூடியை மேஜைக்கு அடியில் இறுக்கிப் பிடித்துக்கொள்வேன். ஒரு தடவை ரொம்ப நேர மௌனத்துக்குப் பிறகு ஒருவர், "என் தம்பிக்குக் கொடுத்த கடன் திரும்பி வராது. இவங்ககிட்ட இன்னும் சொல்லலை" என்றார், 'இவங்க' பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே. எந்த ஸ்லைடும் அதை வெளியே கொண்டுவந்திருக்காது.

அப்புறம் ஒரு பக்கத் தாள். கணக்குகள் எங்கே, பாலிசிகள் எங்கே, கடன் எவ்வளவு, நாமினி யார், ஒன்று நடந்தால் முதல் போன் யாருக்கு, இரண்டாவது யாருக்கு. கடைசி வரியில் என் பெயர். அவர்கள் கையெழுத்திலேயே எழுத வைப்பேன், கிளையன்ட் ஆகிறார்களோ இல்லையோ, தாளைக் கொண்டுபோகலாம். ஓசியில் வாங்கிக்கொண்டு காணாமல் போனவர்கள் உண்டு. போகட்டும்.

கட்டணத்தை அவர்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுவேன், வலிக்கிற மாதிரி. 30 வருடத்துக்கு 8 சதவீதம் கிடைத்தால் போட்ட பணம் சுமார் 10 மடங்காகும். அதில் எனக்கு வருடத்துக்கு 1 சதவீதம் போய் 7 ஆனால் சுமார் 7.6 மடங்குதான். கிட்டத்தட்ட கால்வாசி போய்விடுகிறது. இதைத் தாளில் எழுதிக் காட்டிவிட்டு, அதற்கு ஈடாக நான் என்ன செய்வேன் என்று சொல்லுவேன். சிலர் எழுந்து போய்விடுவார்கள். பிரிட்டனில் 2012 முடிவோடு முதலீட்டு ஆலோசனைக்குக் கமிஷன் வாங்குவதையே தடை செய்தார்கள். நம் ஆட்கள் சிலர் இன்னும் தங்களுக்கு எவ்வளவு வருகிறது என்பதை வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படுகிறார்கள்.

ரெஃபரல்தான், அதாவது தெரிந்தவர் சொல்லி வருகிற அறிமுகம்தான், சிறந்த வழி என்று எல்லோரும் எழுதுவார்கள். சரிதான், ஆனால் அமெரிக்காவில் பெரிய முதலீட்டு மோசடி செய்த பெர்னி மேடாஃபுக்கும் ஆட்கள் வந்தது அறிமுகத்தில்தான், கிளப்பிலும் சொந்தபந்தத்திலும். 2008 டிசம்பரில் கைதானபோது அவர் காகிதத்தில் காட்டியிருந்த கணக்கு சுமார் 6,500 கோடி டாலர். வாடிக்கையாளரின் பணமும் அவர் கையில், கணக்கறிக்கையும் அவர் கையில். அதனால் அறிமுகத்தில் வருகிறவரிடம் முதலிலேயே சொல்லிவிடுவேன்: என் பதிவு எண்ணைச் சரிபாருங்கள், என் பெயருக்கு ஒருநாளும் பணம் போடாதீர்கள், கணக்கறிக்கை வேறு நிறுவனத்திலிருந்து நேராக உங்களுக்கு வரும். சந்தேகப்படச் சொல்லிக்கொடுக்கிற ஆளை ஜனங்கள் சீக்கிரம் நம்புகிறார்கள், வேடிக்கைதான்.

எனக்கு அதிகம் பேர் வந்தது 2020-இல். பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் 23 வரை அமெரிக்காவின் எஸ் அண்ட் பி 500 பங்குச்சந்தைக் குறியீடு சுமார் 34 சதவீதம் விழுந்தது. நான் ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டு, ஸ்பீக்கரில் போடுங்கள், ரெண்டு பேரும் இருங்கள் என்றேன். இரண்டு பேர் என் பேச்சைக் கேட்காமல் விற்றார்கள், ஆகஸ்டில் குறியீடு பழைய உச்சத்தைத் தாண்டியதும் என்னைத்தான் திட்டினார்கள். ஆனால் அந்த மாதங்களில் புதிதாக வந்தவர்கள் அத்தனை பேரும் சொன்னது ஒன்றுதான்: "எங்க ஆள் போனே எடுக்கலை."

லீட் பட்டியல், அதாவது கிளையன்ட் ஆகக்கூடியவர்களின் பெயரும் போன் எண்ணும், விற்கிறேன் என்று யாராவது வந்தால் ஓடிவிடுங்கள். நான் 200 பெயர் வாங்கினேன். பாதி எண் உபயோகத்தில் இல்லை, மீதிப் பாதி "உங்களுக்கு முன்னாடியே நாலு பேர் கூப்பிட்டாச்சு" என்றார்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் மனசில் இருப்பதால்: இத்தனை வருடம் கழித்தும் என் மைத்துனர் யாரிடமும் என்னை "நம்ம இன்சூரன்ஸ் பையன்" என்றுதான் அறிமுகப்படுத்துகிறார். இன்சூரன்ஸ் விற்பதை விட்டு ரொம்ப நாளாகிறது, பையன் என்று சொல்கிற வயதும் தாண்டிவிட்டது. அவரிடம் சொல்லிப் பார்த்தேன், "அப்ப என்னதான் விக்கிறே?" என்றார்.

போன மாதம் ஒரு அழைப்பு. தெரியாத எண். "எங்க அக்கா வீட்டு அலமாரிக் கதவுல உள்பக்கமா ஒரு தாள் ஒட்டியிருக்கு. கடைசி வரியில இருக்கிறது நீங்கதானா?" என்று கேட்டார் ஒரு அம்மா. அக்காவின் பெயரைச் சொன்னார். தாளை வாங்கிக்கொண்டு காணாமல் போனவர்களில் ஒருவர் அவர்.