கணினிக் கேள்வி–பதில்: நாலு செல்போன், ஒரே பம்பைச் சத்தம்

கேள்வி: சார், வைகாசி முதல் நாள் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசு ஊர்வலத்தை நானும் சித்தப்பா பிள்ளைகள் மூன்று பேரும் நாலு செல்போனில் எடுத்தோம். எந்த வீடியோவை எவ்வளவு நகர்த்தினால் நாலும் ஒன்றாகச் சேரும் என்று பார்க்க பைத்தானில் நிரல் எழுதினேன். மூன்று லூப், ஒன்றுக்குள் ஒன்று. ராத்திரி போட்டது காலையிலும் ஓடுகிறது. இரண்டிரண்டாகப் பொருத்தினால் பம்பை ஒரு தாள அடி தள்ளிக் கேட்கிறது. என்ன செய்வது?
— கல்லூரி மாணவர், குடியாத்தம்

பதில்: தம்பி, அது அடுத்த வைகாசியிலும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். வினாடிக்கு 44,100 ஒலி மாதிரிகள் (சாம்பிள்), முன்னும் பின்னும் 10 வினாடி தேடல் என்றால் ஒரு கோப்புக்கே 8,82,001 இடம். முதல் கோப்பை நிறுத்திவைத்து, மற்ற மூன்று கோப்பையும் சேர்த்துத் தேடினால் 18 இலக்க எண் வரும்.

இரண்டிரண்டாகப் பார்ப்பதுதான் வழி. நாலு கோப்புக்கு ஆறு ஜோடி. பைத்தானின் சைப்பை நூலகத்தில் உள்ள ‘கோரிலேட்’, ஒரு அலையை இன்னொன்றின் மேல் நகர்த்தி நகர்த்தி எவ்வளவு பொருந்துகிறது என்று பார்க்கும். அதை எஃப்.எஃப்.டி. என்ற வேகக் கணக்கு முறையில் கூப்பிட்டால் ஆறும் சட்டென்று முடியும். பொருத்தத்தின் உச்சம் எங்கே விழுகிறதோ அதுதான் நகர்த்த வேண்டிய அளவு.

ஆனால் பம்பை ஒரே தாளத்தில் அடிக்கிறதே! ஒரு அடி தள்ளி வைத்தாலும் அலை கிட்டத்தட்ட அப்படியே பொருந்தும். அதனால் ஏறக்குறைய ஒரே உயரத்தில் பல உச்சங்கள் வரும், நிரல் ஏமாந்துபோகும். தாளத்துக்கு அடங்காத சத்தம் ஒன்று வேண்டும். வெடிச் சத்தம் விழுந்த துண்டாகப் பார்த்து வெட்டுங்கள். சிரசு அன்றைக்கு வெடிக்கா பஞ்சம்? அலையை அப்படியே கொடுக்காமல், 5 மில்லிவினாடிக்கு ஒரு சராசரி வீதம் சத்தத்தின் ஏற்ற இறக்கத்தை மட்டும் எடுங்கள். அதிலிருந்து மொத்தச் சராசரியைக் கழிக்க மறக்காதீர்கள். கழிக்காவிட்டால் உச்சம் நடுவிலேயே உட்கார்ந்துகொள்ளும்.

அப்புறம் முக்கோணக் கணக்கு. முதல் போனுக்கும் இரண்டாவதுக்கும் 2.31 வினாடி, இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் 1.12 என்றால், முதலுக்கும் மூன்றாவதுக்கும் 3.43 வர வேண்டும். 4.03 வந்தால் எங்கோ ஒரு ஜோடி 0.6 வினாடி, அதாவது ஒரு அடி, தாண்டியிருக்கிறது. நாலாவது போனையும் வைத்துப் பார்த்தால் எந்த ஜோடி பொய் சொல்கிறது என்று தெரிந்துவிடும். அதை விலக்கி, முதல் போனைச் சுழியத்தில் நிறுத்தி, மீதியை நம்பை என்ற பைத்தான் நூலகத்தின் ‘லீஸ்ட் ஸ்கொயர்’ கணக்குக்குக் கொடுங்கள்; எல்லா ஜோடிக்கும் சேர்த்துப் பிழை குறைவாக வரும் நகர்வை அது சொல்லும்.

நேர்க்குறி, எதிர்க்குறியில் ஜாக்கிரதை. காட்பாடியில் மோட்டார் அதிர்வு அளக்கும் வேலையில் இருந்தபோது எல்லாவற்றையும் தலைகீழாக நகர்த்திவிட்டு, சென்சார் கெட்டுவிட்டது என்று அரை நாள் திட்டிக்கொண்டிருந்தேன். ‘கோரிலேட்’டில் விடை நேர்க்குறி என்றால் அதே வெடி நீங்கள் முதலில் கொடுத்த கோப்பில் தாமதமாக வருகிறது, அந்த போன் முன்னதாக ஆன் ஆகியிருக்கிறது. நகர்த்த நம்பையின் ‘ரோல்’ போடாதீர்கள், வால் தலைக்கு வந்துவிடும்.

யாராவது மாடியில் நின்று எடுத்தீர்களா? நம் ஊர் வெயிலில் ஒலி வினாடிக்குச் சுமார் 350 மீட்டர் போகும். 35 மீட்டர் தள்ளி நின்றவருக்குச் சத்தம் 0.1 வினாடி பிந்தி வரும். ஒலியை வைத்துப் பொருத்தினால் அவர் படத்தில் பம்பைக்காரர் கை முந்திக்கொள்ளும். வினாடிக்கு 30 ஃபிரேம் என்றால், அந்தப் படத்தை மட்டும் மூன்று ஃபிரேம் பின்னால் தள்ளிவிடுங்கள்.