ஓட வந்தோமா, கன்று நட வந்தோமா?

கேள்வி:

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் மட்டக்களப்பு கல்லடிப் பக்கம் விடியற்காலையில் ஓடுகிற ஒரு சின்னக் குழு. மொத்தம் 19 பேர், அதில் ஆறு பேர் பெண்கள். ஏ.எல். படிக்கிற பிள்ளையும் உண்டு, பென்சன் எடுத்தவரும் உண்டு. போன வருடம் ஒரு அதிகாரி கேட்டதால், நாங்கள் ஓடும் பாதை முடிகிற இடத்தில் உள்ள வாவிக்கரைக் கண்டல் காட்டில் மாதம் ஒரு சனிக்கிழமை சிரமதானம் செய்யத் தொடங்கினோம். அது ஒதுக்கக் காடு என்று பலகை போட்டிருக்கிறார்கள். ஜூன் 5, சுற்றாடல் தினத்தன்று 600 கண்டல் கன்று நட்டோம். இப்போது எண்ணினால் 40 தேறாது. எங்களில் வேகமாக ஓடுகிற நான்கு பேர், "ஓட வந்தோமா, குப்பை பொறுக்க வந்தோமா?" என்று கேட்டுவிட்டுச் சனிக்கிழமைகளில் வருவதே இல்லை. அங்கே வீச்சுவலை வீசுகிற ஒரு ஐயா, "நீங்க படம் எடுக்கத்தானே வாறீங்க" என்று முகத்துக்கு நேரே சொன்னார். இந்த வருடம் அதே நாளில் ஆயிரம் கன்று நட வரச்சொல்லித் தகவல் வந்திருக்கிறது. ஓம் என்றால் குழு உடையும், மாட்டோம் என்றால் முகம் முறியும். போதாததற்கு வீட்டில் மாமி, "சப்பாத்து முழுக்கச் சேறு, இதுவா உடற்பயிற்சி?" என்கிறா. நான் என்ன செய்யட்டும்?

ஓட்டக்காரி, கல்லடி

பதில்:

தங்கச்சி, உங்கள் கடிதத்தை வாசித்ததும் முதலில் சிரிப்பு வந்தது. அந்த 600, 40 கணக்கைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. ஏனென்றால் நானும் அந்தக் கணக்கில் ஒரு பங்காளி. சுனாமிக்கு அடுத்த வருடம், அப்போது நான் படிப்பித்த பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டுபோய் வாவிக்கரையில் கண்டல் நட்டேன். முழங்கால் சேறு, வெயில், ஆளுக்கொரு தொப்பி, பெரிய பதாகை. அடுத்த மாரி முடிந்து போய்ப் பார்த்தால் அடையாளத்துக்கு நட்ட கம்புகள் மட்டும் நின்றன. அன்றைக்குத் தந்த சோற்றுப் பார்சலில் நல்ல கணவாய்க்கறி இருந்தது. அதைத் தவிர அந்த நாளில் மிஞ்சியது ஒன்றுமில்லை.

நம் இரண்டு பேருடைய கைராசியைக் குறை சொல்லவும் முடியாது. சுனாமிக்குப் பிறகு இலங்கை முழுக்க இந்தக் கதைதான். கண்டல் நட்ட 23 இடங்களைப் போய்ப் பார்த்து ருகுணு பல்கலைக்கழக ஆய்வாளர்களும் வேறு சிலரும் சேர்ந்து செய்த ஆய்வு 2017இல் வெளிவந்தது. 1,000 முதல் 1,200 ஹெக்டேயர் வரை நட்டதில் தப்பிப் பிழைத்தது 200 முதல் 220 ஹெக்டேயர்தான். ஒன்பது இடங்களில் ஒரு கன்றுகூட இல்லை. அவர்கள் சொன்ன காரணங்களில் புதுமை ஒன்றுமில்லை: பொருந்தாத இடம், பொருந்தாத இனம், ஆடு மாடு, நட்ட பிறகு யாருமே திரும்பிப் பார்க்காதது. இந்தக் கடைசிக் காரணத்தை ஞாபகத்தில் வைத்திருங்கள், திரும்ப வருகிறேன்.

முதலில் ஜூன் 5. அது உலகத்துக்கு நல்ல நாளாக இருக்கலாம், நம்முடைய வாவிக்கரைக்கு நல்ல நாள் இல்லை. ஜூனில் நமக்குக் கச்சான் காற்று. மழை இல்லை, மண் வெந்து உப்புக் கட்டும். வாவித் தண்ணீர் இறங்கியிருக்கும். இறங்கிய தண்ணீருக்குப் பக்கத்தில், கால் புதைகிற ஈரச் சேற்றில் நடுவதுதான் எல்லோருக்கும் சுகம், படத்துக்கும் அழகு. அப்புறம் கார்த்திகை, மார்கழி மழைக்கு வாவி ஏறும். நமது கடலில் வற்றும் பெருக்கும் மிகச் சிறியது. வாவிக்குள் அது இன்னும் குறைவு. எனவே மழையும் முகத்துவாரமும்தான் இங்கே தண்ணீர் மட்டத்தைத் தீர்மானிக்கின்றன. மணல் அடைத்துக் கிடந்தால் ஒரு மட்டம், வெட்டிவிட்டால் இன்னொரு மட்டம். பெரிய கண்டல் மரத்துக்கு இதெல்லாம் பழக்கம். ஒரு முழம் உயரக் கன்று கிழமைக்கணக்கில் தலைக்கு மேல் தண்ணீரில் கிடந்தால் மூச்சுமுட்டிச் சாகும். வேர் மூச்சு விடுகிற மரம் அது, மீன் இல்லை.

இன்னொன்றும் கேட்க வேண்டும். நீங்கள் நட்டது முருங்கைக்காய் மாதிரி நீளமாகத் தொங்குகிற வித்துத்தானே? அநேகமாக அதுவாகத்தான் இருக்கும். பொறுக்குவது சுகம், சேற்றில் குத்தினால் போதும், நட்ட உடனேயே மரம் மாதிரி நிற்கும். அதனால்தான் எல்லோரும் எல்லா இடத்திலும் அதையே நட்டார்கள். ஆனால் கண்டல் காடு என்பது ஒரே மரம் இல்லை. கண்ணா இருக்கிறது, கிண்ணை இருக்கிறது, தில்லை இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் உப்பும் தண்ணீரும் வேறு வேறு அளவில் வேண்டும். நன்னீர் கலக்கிற பக்கம் கிண்ணை சுகமாக நிற்கும். வயல்காரர் குடும்பத்தில் பிறந்த யாரிடமாவது கேளுங்கள், மேட்டுக்கு ஒரு நெல் பள்ளத்துக்கு ஒரு நெல் என்று சொல்வார்கள். கண்டலுக்கு மட்டும் நாம் அந்த மரியாதையைக் கொடுப்பதில்லை.

சரி, உங்கள் குழுவுக்கு வருகிறேன். உங்களை அழைத்தவர் உங்களிடம் கண்டது 38 கைகள். எனக்குத் தெரிவது 38 கால்கள். கன்று நட ஒரு நாளைக்கு ஆயிரம் பேரைக் கூட்டலாம். பள்ளிக்கூடம், வங்கி, கழகம் என்று யாரும் வருவார்கள், பார்சல் கொடுத்தால் போதும். ஆனால் கிழமைக்கு மூன்று தரம், மழையிலும் வெயிலிலும், சம்பளமில்லாமல் ஒரே பாதையால் போய்வருகிறவர்கள் இந்த மாவட்டத்தில் எத்தனை பேர்? நட்ட பிறகு யாரும் திரும்பிப் பார்க்கவில்லை என்று அந்த ஆய்வு சொல்கிறதே, உங்களுக்குத் திரும்பிப் பார்ப்பது ஒரு வேலையே இல்லை. எப்படியும் அந்தப் பக்கம் போகத்தான் போகிறீர்கள்.

ஆகவே நடுவதை விடுங்கள், பார்க்கத் தொடங்குங்கள். ஓட்டம் முடிகிற இடத்தில் ஐந்து நிமிடம் நின்றால் போதும். வேலியில் புதிதாக ஓட்டை விழுந்திருக்கிறதா? மாட்டுக் குளம்படி எந்தப் பக்கத்தால் உள்ளே போகிறது? யாராவது கொப்பு வெட்டியிருக்கிறார்களா? நேற்று இல்லாத குப்பை மூட்டை இன்றைக்கு இருக்கிறதா? தண்ணீர் வந்துபோகிற கான் அடைபட்டிருக்கிறதா? இந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். கான் திறந்து, மாடு ஏறாமல் இருந்தால், வித்துகள் தாமாக மிதந்து வந்து, தமக்குப் பிடித்த இடத்தில் தாமாகவே முளைக்கும். அப்படி முளைத்த கன்றுக்கு இடம் தேடிக் கொடுக்கத் தேவையில்லை. அவற்றுக்குப் பக்கத்தில் ஒரு கம்பை ஊன்றித் துணி கட்டி, மாதம் ஒருமுறை எண்ணுங்கள். ஒரு சி.ஆர். கொப்பியில் திகதி, எண்ணிக்கை, தண்ணீர் எதுவரை நின்றது, இவ்வளவும் எழுதினால் போதும். ஒரு வருடம் விடாமல் எழுதிய கொப்பிக்கு எந்தத் திணைக்களத்திலும் மதிப்பு உண்டு.

குப்பையில் ஒன்றை மட்டும் முந்தி எடுங்கள்: மெல்லிய நைலோன் இழையால் பின்னிய தங்கூசி வலைத் துண்டு. பிளாஸ்டிக் போத்தல் அசிங்கம், தங்கூசி கொலைகாரன். கண்டல் வேரில் சிக்கிக்கொண்டு, சொந்தக்காரன் இல்லாமலே நண்டையும் மீனையும் நீர்க்காகத்தையும் பிடித்துக்கொண்டே இருக்கும். ஓடிக்கொண்டே குப்பை பொறுக்குவது 2016இல் சுவீடனில் பெயர் வைத்துத் தொடங்கிய பழக்கம். நல்லதுதான். ஆனால் அது நடைபாதைக் குப்பைக்குச் சரி. வேருக்குள் சிக்கிய வலையை ஓட்டத்தில் இழுத்தால் வேரும் சேர்ந்து வரும். நின்று, கத்தரிக்கோலால் வெட்டி எடுங்கள்.

அந்த நான்கு பேர் விஷயத்தில் நான் அவர்கள் பக்கம். கோபிக்காதீர்கள். ஓடுவதற்கென்று சேர்ந்த குழுவில் ஓட்டத்தை நிறுத்திவிட்டு வேலைக்கு வா என்றால் யாருக்கும் எரிச்சல் வரும். சனிக்கிழமை ஓட்டத்தை ஒரு நாளும் ரத்துச் செய்யாதீர்கள். முழு ஓட்டமும் ஓடி முடியட்டும். அதன்பிறகு விரும்பியவர்கள் நாற்பது நிமிடம் நிற்கட்டும், மற்றவர்கள் வீட்டுக்குப் போகட்டும், போகிறவரை யாரும் ஒரு மாதிரிப் பார்க்கக் கூடாது. வேகக்காரருக்கு வேறு வேலை இருக்கிறது: உங்களால் ஓடிப்போக முடியாத தூரத்து முனையை அவர்கள் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு வரலாம். "அண்ணா, அந்தப் பக்கத்து வேலி எப்படி இருக்குது என்று பார்த்துச் சொல்லுங்களேன்" என்று கேட்டுப்பாருங்கள். நாலு கிலோமீட்டர் கூட ஓடக் கிடைக்கிறது என்றால் அவர்கள் மாட்டேன் என்று சொல்வார்களா என்ன!

ஆனால் ஓட்டம் அணைக்கட்டிலும் மண் பாதையிலும் மட்டும். காட்டுக்குள் ஓடாதீர்கள். ஆட்காட்டிக் குருவி வெறும் தரையில்தான் முட்டையிடும். கல்லுக்கும் முட்டைக்கும் வித்தியாசம் தெரிவதற்குள் மிதித்துவிடுவீர்கள். தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்தினால் வந்த வழியே திரும்புங்கள். தில்லை மரத்தின் கொப்பை முறிக்கவோ கையால் தள்ளவோ வேண்டாம், அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. தண்ணீருக்குள் இறங்குகிற வேலை என்றால், விடியற்காலை இருட்டில் வேண்டாம், தனியாகவும் வேண்டாம். வாவியில் முதலை இருப்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

உங்களைப் பார்த்து அம்பாறைப் பக்கத்து இளைஞர்கள் யாராவது இதையே லகுகலையில் செய்யலாம் என்று நினைத்தால், தயவுசெய்து வேண்டாம். பொத்துவில், மொனராகலை வீதியில் விடியற்காலையில் யானை கடக்கும். நீங்கள் எவ்வளவு வேகமாக ஓடினாலும் அது உங்களைவிட வேகம். குமண மாதிரித் தேசியப் பூங்காவுக்குள் நினைத்த இடத்தில் வாகனத்தை விட்டு இறங்கவே முடியாது, பிறகு எங்கே ஓடுவது?

இனி அதிகாரிக்கு என்ன சொல்வது? மாட்டோம் என்று சொல்லாதீர்கள். வேறொன்றைக் கொடுங்கள். "சேர், போன வருடம் நட்டதில் 40தான் நிற்கிறது. இந்த வருடம் புதிதாக நடாமல், அந்த 40ஐயும் தானாக முளைத்ததையும் நாங்கள் வருடம் முழுக்கப் பார்த்துக்கொள்கிறோம். மாதாமாதம் எண்ணிக்கை தருகிறோம். ஜூன் 5க்கு வலைத் துண்டுகளை எடுத்துக் கானைத் துப்புரவாக்குவோம்." இதைக் கடிதமாக எழுதி, பிரதேச செயலகத்துக்கும் ஒரு பிரதி கொடுங்கள். ஒதுக்கக் காட்டில் நல்ல நோக்கத்தோடு போனாலும் எழுத்தில் அனுமதி வேண்டும், கானில் கை வைப்பதென்றால் கட்டாயம் வேண்டும். அனுமதிக் கடிதத்தைக் கைப்பேசியில் படமெடுத்து எல்லோரும் வைத்திருங்கள். அவருக்கும் மேலிடத்துக்கு அனுப்ப ஒரு படம் தேவைப்படும், அது அவருடைய தொழில். குவிந்து கிடக்கும் தங்கூசிக்குப் பக்கத்தில் 19 பேர் நின்றால் படம் ஒன்றும் குறைந்துபோகாது.

மாமிக்குப் பதில் சுலபம். சேற்று வேலைக்குப் பழைய சப்பாத்து ஒன்றைத் தனியாக வையுங்கள். வாசலிலேயே கழற்றுங்கள்.

வீச்சுவலை ஐயாவைத்தான் நான் கடைசிக்கு வைத்திருந்தேன். அவர் சொன்னது உங்களுக்குக் குத்தியிருக்கிறது, அதனால்தான் எனக்கு எழுதியிருக்கிறீர்கள். அவர் சொன்னதில் பொய் இல்லையே. அடுத்த சனிக்கிழமை ஒரு போத்தலில் பிளேன்டீ ஊற்றிக்கொண்டு போய், "ஐயா, மாரிக்குத் தண்ணி எதுவரைக்கும் ஏறும்?" என்று மட்டும் கேளுங்கள். கைப்பேசியை வெளியே எடுக்க வேண்டாம். எந்த வருடம் முகத்துவாரம் எப்போது வெட்டினார்கள், எந்தப் பக்கம் முன்னே காடாக இருந்தது, கான் எப்போது அடைபட்டது, எல்லாம் அவர் வாயில் வரும். கண்டல் வேருக்குள்தான் இறால் குஞ்சும் மீன் குஞ்சும் வளர்கின்றன; அந்தக் காடு உங்களுக்குச் சனிக்கிழமை வேலை, அவருக்கு உலை. நட முன்னர் அவரிடம் கேட்காததற்கு ஒரு சொல்லில் மன்னிப்பும் கேளுங்கள்.

கடைசியாக ஒரு விஷயம். 560 கன்று செத்ததை எழுதினீர்கள், மிஞ்சிய 40 எங்கே நிற்கிறது என்று எழுதவில்லை. கரையோரமாகவா, கொஞ்சம் மேட்டிலா, கானுக்குப் பக்கத்திலா, பெரிய மரத்தின் நிழலிலா? எல்லாம் ஒரே பக்கமாக நின்றால் அங்கே தண்ணீரும் உப்பும் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். எப்போதாவது மறுபடி நடுவதென்றால் அந்தப் பக்கம்தான் நட வேண்டும். அதையும் ஐயாவோடு சேர்ந்து போய்ப் பாருங்கள். தைப்பொங்கல் முடிந்து வாவி இறங்கியதும் இன்னொருமுறை எண்ணி, எனக்கு எழுதிப் போடுங்கள்.