பூசணி விதை மொறுமொறுக்க

ஹாலோவீன் பூசணி விதையைச் சர்க்கரையில் புரட்டி 200 டிகிரி அவனில் வைத்தேன், வெளியே கருகி உள்ளே சவசவ என்றாகிவிட்டது என்கிறீர்கள். விதை காய்வதற்குள் சர்க்கரை முந்திக்கொள்கிறது, அவ்வளவுதான். இனிப்பைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

விதையில் ஒட்டிய நாரை அலசி நீக்கி, விதையை உப்புத் தண்ணீரில் 10 நிமிடம் கொதிக்கவிட்டு வடித்து, துணியில் ஈரம் போகப் பரப்புங்கள். பிறகு 160 டிகிரியில், இடையிடையே கிளறி, கடித்தால் மொறுமொறுக்கும்வரை வறுங்கள். அரை மணி பிடிக்கலாம். கடிகாரத்தைவிடப் பல்லை நம்புங்கள்.

ஒரு கப் விதைக்குக் கால் கப் வெல்லம். கடலைமிட்டாய்க்கு வைக்கிற அதே பாகு: தண்ணீரில் விட்ட சொட்டு 'டக்'கென்று உடையணும். விதையைக் கொட்டிப் புரட்டி, நெய் தடவிய தட்டில் உடனே பரப்புங்கள். சுக்குப்பொடி சேரும், பட்டை எனக்கு ஒத்துவராது. முழுக்க ஆறாமல் டப்பாவில் அடைத்தால் பிசுபிசுக்கும்.