ஸ்பிளின்ட்டைக் கழற்றியதும் விரல் நுனி தொங்குகிறது

விரல் நுனியை நீட்டிப் பிடிக்கும் ஸ்பிளின்ட் (விறைப்பான பட்டை) போட்ட நாட்களை மறுபடி முதலில் இருந்து எண்ண வேண்டுமா என்று கேட்டீர்கள். ஆமாம், முதலில் இருந்துதான் எண்ண வேண்டும். நாலாவது வாரம், குளிக்கக் கழற்றினேன், நுனி மடங்கிவிட்டது என்கிறீர்கள். விரலின் மேல்பக்கத்தில் விட்டுப்போன தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நார்) ஒட்ட 6 முதல் 8 வாரம் இரவும் பகலும் நுனி நீட்டியே இருக்க வேண்டும். ஒருமுறை மடங்கினாலும் புதிதாகப் பிடித்த இழை விட்டுப்போகலாம். மனம் தளர வேண்டாம். தாமதமாகத் தொடங்கியவர்களுக்கும் ஸ்பிளின்ட் பலன் தருகிறது.

விரலை அந்தரத்தில் வைத்துக் கழற்றியிருப்பீர்கள், பலரும் செய்வதுதான். இனி இப்படிச் செய்யுங்கள்:

1. உள்ளங்கையை மேசைமேல் தட்டையாக வைத்து ஸ்பிளின்ட்டை முன்பக்கம் உருவுங்கள். நுனி மேசையை விட்டு எழவே கூடாது. ஈரத்தைத் துடைத்து, அப்படியே மாட்டுங்கள்.

2. மாட்டியதும் நுனி மூட்டின் மேல்தோலைப் பாருங்கள். வெளுத்திருந்தால் நுனி அதிகமாகப் பின்னால் வளைந்திருக்கிறது, தோல் புண்ணாகும். தெரபிஸ்ட்டிடம் காட்டிச் சரிசெய்யுங்கள்.

நடு மூட்டைத் தாராளமாக மடக்கலாம், மடக்கவும் வேண்டும்.

அப்புறம், எக்ஸ்ரே எடுக்கவில்லை என்றால் உடனே எடுங்கள். எலும்புத் துண்டு பெரிதாகப் பெயர்ந்திருந்தாலோ, தோல் கிழிந்திருந்தாலோ ஸ்பிளின்ட் மட்டும் போதாமல் போகலாம். கை அறுவை மருத்துவர்தான் பார்க்க வேண்டும்.