செத்த கிருமி மருந்தை எதிர்க்கும் சக்தியைக் கொடுத்துவிட்டுப் போகுமா?

கேள்வி: பிராய்லர் பண்ணை வைத்திருக்கிறேன். போன பேட்சில் ஈ.கோலை என்ற கிருமி வந்து, என்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்தும் கேட்கவில்லை. ஷெட்டுக்கு மருந்தடித்து 15 நாள் காலியாகப் போட்டேன். புதுக் குஞ்சுகளிலும் அதே கதை. செத்த கிருமியின் டி.என்.ஏ.தான் காரணம் என்கிறார்கள். நிஜமா, சார்?

பதில்: அப்படி நடக்கும் என்பது நிஜம். 1928-லேயே கிரிஃபித் என்பவர் கொல்லப்பட்ட, வீரியமுள்ள நிமோனியாக் கிருமியையும் வீரியமில்லாத உயிருள்ள கிருமியையும் சேர்த்து எலிக்கு ஊசி போட்டார், எலி செத்தது. உயிருள்ளது செத்ததன் குணத்தை வாங்கிக்கொண்டது. கை மாறியது டி.என்.ஏ. என்று 1944-ல் தெரிந்தது. கிருமி உடையும்போது வெளியே சிந்தும் இழையைப் பக்கத்துக் கிருமி உள்ளே இழுத்துத் தன் டி.என்.ஏ.வில் ஒட்டிக்கொள்கிறது. கோழிக் குடலில் இருக்கும் கேம்பைலோபேக்டர் இதில் கெட்டிக்காரன்.

ஆனால் ஈ.கோலை அப்படியல்ல. அது பெரும்பாலும் உயிரோடிருக்கும் இன்னொரு கிருமியிடமிருந்து நேரடியாகவே எதிர்ப்பு ஜீனை வாங்கும். என்ரோஃப்ளாக்சசின் விஷயத்தில் தன் ஜீனிலேயே ஏற்படும் சிறு மாற்றமும் போதும். ஆகவே எதிர்ப்புள்ள கிருமி உயிரோடு வந்த வழி என்று என் முதல் சந்தேகம் குஞ்சு பொரிப்பகம், அடுத்தது தண்ணீர்க் குழாய்.

கோழி கொத்திக் குடிக்கும் நிப்பிள் குழாயின் கடைசி மூடியைக் கழற்றி உள்ளே விரல் விட்டுப் பாருங்கள். வழவழவென்று இருந்தால், கிருமியும் அது சிந்திய டி.என்.ஏ.வும் பிசினாகப் படிந்திருக்கிறது. மேலே அடிக்கும் மருந்து அங்கே எட்டாது. குவாட்டர்னரி அமோனியம் வகை மருந்து கிருமியைக் கொன்றாலும் டி.என்.ஏ.வைச் சிதைப்பதில்லை, ஹைட்ரஜன் பெராக்சைடு இரண்டையும் தாக்கும்.

ஷெட்டில் கோழி இல்லாதபோது, 50 சத பெராக்சைடு 6 லிட்டரை 94 லிட்டர் தண்ணீரில் கலந்து குழாய் நிறைய விட்டு ஓர் இரவு வையுங்கள். கையுறை, கண்ணாடி கட்டாயம். வாயு சேரும், காற்றுப்போக்கியை அடைக்காதீர்கள். காலையில் கொழகொழப்பு போகும்வரை அழுத்தமாகத் தண்ணீர் விட்டு அலசுங்கள். தரையிலும் முதலில் எருவைச் சுரண்டி, சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவிட்ட பிறகுதான் மருந்து. எருவின் மேல் அடிப்பது வீண்செலவு.

வெளியே அள்ளிய எருவைக் குவித்து, உள்ளே 55 டிகிரிக்கு மேல் 3 நாளாவது சூடேறவிட்டு, கிளறி மறுபடி குவியுங்கள். பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது.

அடுத்த முறை மருந்துக்கு முன், அன்று செத்த கோழி இரண்டு மூன்றை ஐஸில் வைத்து நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோய், எந்த மருந்து கேட்கும் என்று சோதித்துவிடுங்கள். கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக் தருகிறேன் என்று யாராவது வந்தால் வாங்காதீர்கள். கோழிக்கு அது 2019 முதல் தடை.