முதலிடம் எப்படி எண்ணப்பட்டது? பதிவிறக்கக் காலத்து இசைத்தொகுப்புகள் பற்றிய கேள்வி பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட் கடைத்தெருவில் பல ஆண்டுகள் ஒலிநாடாவும் குறுவட்டும் விற்றவன் நான். கடையை மூடிய பிறகும் வெளிநாட்டு விற்பனைப் பட்டியல்களைப் படிக்கும் பழக்கம் என்னைவிட்டுப் போகவில்லை. அதை அறிந்த நம் ஊர் அன்பர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கல்லூரி மாணவி: ஐயா, பதிவிறக்கங்கள் பட்டியலில் எப்போது சேர்ந்தன?

ஆப்பிள் நிறுவனம் 2003 ஏப்ரல் 28 அன்று அமெரிக்காவில் ஐடியூன்ஸ் என்ற இணையப் பாடல் கடையைத் திறந்து, ஒரு பாடலை 99 அமெரிக்கக் காசுக்கு விற்கத் தொடங்கியதிலிருந்து இந்தக் காலத்தைக் கணக்கிடலாம். கடைகளில் பட்டைக்கோடு வழியாக விற்பனையை எண்ணும் சவுண்ட்ஸ்கேன் முறை அங்கே 1991 முதலே இருந்ததால், இணைய விற்பனையையும் கணக்கில் சேர்ப்பது பெரிய சிரமமாக இருக்கவில்லை. அதற்கு முன்பு கடைக்காரர்கள் சொல்லும் வரிசையை வைத்தே பட்டியல் போட்டார்கள். கடைக்காரனாக இருந்தவன் சொல்கிறேன், அந்த வாய்ச்சொல்லை நம்பியிருக்கக் கூடாது; தேங்கிக் கிடக்கும் சரக்கின் பெயர்தான் எங்கள் வாயில் முதலில் வரும். பிரிட்டனில் தனிப்பாடல் பட்டியலில் 2005 ஏப்ரலிலும், இசைத்தொகுப்புப் பட்டியலில் 2006 ஏப்ரலிலும் பதிவிறக்கங்கள் சேர்க்கப்பட்டன.

ஓய்வுபெற்ற தோட்ட மண்டோர் (கங்காணி): மிகக் குறைவாக விற்ற தொகுப்புகள்கூட முதலிடம் பிடித்தனவாமே, உண்மையா தம்பி?

உண்மைதான், அண்ணே. 2011 ஜனவரியில் கேக் என்ற குழுவின் தொகுப்பு ஒரு வாரத்தில் ஏறத்தாழ 44,000 படிகள் விற்று அமெரிக்காவின் பில்போர்ட் இதழ் வெளியிடும் பில்போர்ட் 200 என்ற இசைத்தொகுப்புப் பட்டியலில் முதலிடம் பெற்றது. அதைப் பற்றிய பேச்சு அடங்குவதற்குள், ஏமஸ் லீ என்ற பாடகரின் தொகுப்பு 40,000 படிகளோடு அதே இடத்துக்கு வந்தது. 2000 மார்ச்சில் என்சிங்க் குழுவின் தொகுப்பு முதல் வாரத்திலேயே 24 லட்சம் விற்றதை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஜனவரி எப்போதுமே மந்தமான மாதம் என்பதை ஒப்புக்கொண்டாலும், இந்த இடைவெளியை மாதத்தின்மேல் மட்டும் போட்டுவிட முடியாது.

பலர் திருட்டுப் பதிவுகளையே குற்றம் சொல்வார்கள். பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் ஒரே வட்டில் நூறு பாடல் அடைத்து விற்றவர்களால் என் வியாபாரமும் அடிபட்டதுதான். ஆயினும் அதைவிட ஆழமான காரணம் வேறொன்று உண்டு என்று நினைக்கிறேன். முன்பெல்லாம் ஒரு பழத்துக்கு ஆசைப்பட்டவரும் சீப்பையே வாங்க வேண்டியிருந்தது. ஐடியூன்ஸ் சீப்பைப் பிரித்து, பழம் பழமாக விற்றது. பாடல் விற்பனை ஏறியது, தொகுப்பு விற்பனை சரிந்தது, முதலிடம் பெறத் தேவையான விற்பனை அளவும் தானாகத் தாழ்ந்தது.

திருமண ஒலிபெருக்கி வாடகைக்கு விடுபவர்: முழுத் தொகுப்பையும் 99 காசுக்கு விற்றால் அதுவும் விற்பனைக் கணக்கில் வருமா?

நல்ல கேள்வி. இந்தக் காலத்தின் பெரிய சண்டையே இதுதான். 2011 மே மாதம் அமெரிக்கப் பாடகி லேடி காகாவின் 'பார்ன் திஸ் வே' வெளிவந்தபோது, அமேசான் நிறுவனம் அதை இரண்டு நாள்கள் வெறும் 99 காசுக்கு விற்றது. முதல் நாளன்று கூட்டம் தாங்காமல் அதன் கணினிகளே திணறின. அந்த வாரம் மொத்தம் 11 லட்சத்துக்கும் மேல் விற்றதில், ஏறத்தாழ 440,000 படிகள் அந்தச் சலுகை விலையில் போனவை என்று மதிப்பிடப்பட்டது. இசை நிறுவனத்துக்கு வழக்கமான மொத்த விலையைக் கொடுத்துவிட்டு, இழப்பை அமேசானே ஏற்றுக்கொண்டதாகவும் செய்தி வந்தது. வாங்கியவர் காசு கொடுத்திருக்கிறார், ஆகவே அது விற்பனைதான் என்று ஒரு தரப்பு வாதிட்டது. கடைக்காரர் கைப்பணம் போட்டுத் தள்ளிவிட்ட சரக்கை மக்கள் விருப்பம் என்று எண்ணலாமா என்று மறுதரப்பு கேட்டது. நான் இரண்டாவது தரப்பின் பக்கம். அதே ஆண்டு நவம்பரில், வெளியான முதல் நான்கு வாரங்களில் 3.49 டாலருக்குக் குறைவாக விற்றவை கணக்கில் வராது என்று பில்போர்ட் விதி வகுத்தது.

2013 ஜூலையில் இன்னொரு சோதனை வந்தது. சாம்சங் நிறுவனம் ஜே-ஸி என்ற அமெரிக்க ராப் பாடகரின் புதிய தொகுப்பைப் பத்து லட்சம் படிகள் விலைக்கு வாங்கித் தன் கைப்பேசி வாடிக்கையாளர்களுக்கு இலவசமாகக் கொடுத்தது. கேட்பவர் காசு கொடுக்கவில்லை என்பதால் பில்போர்ட் அதில் ஒரு படியைக்கூட எண்ணவில்லை. அப்படியும் கடை விற்பனையிலேயே ஐந்து லட்சத்துக்கும் மேல் போய் அத்தொகுப்பு முதலிடம் பெற்றது என்பது வேறு கதை.

தமிழ்ப்பள்ளி ஆசிரியை: விளம்பரமே இல்லாமல் முதலிடம் பெற்ற தொகுப்பு உண்டா?

உண்டு. அமெரிக்கப் பாடகி பியோன்சே 2013 டிசம்பர் 13 அன்று, முன்னறிவிப்பு ஏதுமின்றித் தம் பெயரையே தலைப்பாகக் கொண்ட தொகுப்பை ஐடியூன்ஸில் மட்டும் வெளியிட்டார். முதல் வாரம் தனிப்பாடலாக வாங்க முடியாது; சீப்பு மறுபடியும் கட்டப்பட்டது என்று சொல்லலாம். அமெரிக்க விற்பனை வாரம் அப்போது ஞாயிற்றுக்கிழமையோடு முடிந்ததால், வெள்ளிக்கிழமை வந்த தொகுப்புக்குக் கிடைத்தது மூன்றே நாள்கள்தான். அந்த மூன்று நாள்களில் 617,000 படிகள் விற்றன.

பட்டறை வைத்திருக்கும் இளைஞர்: அங்கிள், நாம் ஏன் இப்படி எதையும் வாங்கவில்லை?

வாங்க வழி இருந்தால்தானே, தம்பி. ஐடியூன்ஸ் பாடல் கடை மலேசியாவுக்கு வந்தது 2012 ஜூனில். பாடலை வாங்காமலே இணையத்தில் கேட்க வழிசெய்யும் ஸ்பாட்டிஃபை 2013 ஏப்ரலிலேயே வந்துவிட்டது. பத்து மாத இடைவெளியில் பதிவிறக்கிப் பணம் கட்டும் பழக்கம் எப்படி ஊன்றும்?

அதே இளைஞர்: 1,500 முறை கேட்டால் ஒரு தொகுப்பு விற்றதற்குச் சமம் என்றார்களே, அது என்ன கணக்கு?

2014 டிசம்பரில் பில்போர்ட் 200 பட்டியலில் நுழைந்து, 2018 வரை இருந்த கணக்கு அது. ஒரு தொகுப்பிலுள்ள பாடல்கள் எல்லாம் சேர்ந்து 1,500 முறை இணையத்தில் கேட்கப்பட்டால் ஒரு விற்பனை. பத்துப் பாடல்கள் தனித்தனியாகப் பதிவிறக்கப்பட்டாலும் ஒரு விற்பனை. அதாவது, பன்னிரண்டு பாடல்கள் கொண்ட ஒரு தொகுப்பை முதலிலிருந்து கடைசிவரை 125 முறை ஓடவிட வேண்டியிருந்தது. என் கடையில் ஒருவர் ஒலிநாடா வாங்கிப் போய் ஒருமுறை கேட்டாலும் ஒன்றுதான், நாடா தேயும்வரை கேட்டாலும் ஒன்றுதான்.